பீட்டைன் தொடங்கிய ஐந்தாம் மாதம்: ஹோமோசிஸ்டினூரியா உள்ள ஒரு சிறுவனின் நிகழ்வு ஆய்வு

நான் மருத்துவமனை ஒன்றின் வளர்சிதை மாற்றப் பிரிவில் உணவியலாளராக வேலை செய்கிறேன். கீழே வருவது எங்கள் பிரிவில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தொடர்ந்து பார்த்த ஒரு சிறுவனின் நிகழ்வு. புரதத்திலுள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உண்டாகும் ஹோமோசிஸ்டீன் உடலில் தேங்கி, கண்ணையும் எலும்பையும் ரத்தக்குழாய்களையும் கெடுக்கும் பரம்பரை நோய் ஹோமோசிஸ்டினூரியா. அந்தத் தேக்கத்தைக் குறைக்கத் தரும் மருந்து பீட்டைன். குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஊரையும் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். நடந்த பிழைகளில் ஒன்று என் கையால் எழுதிய தாளில் இருந்தது. அதையும் உள்ளபடியே பதிவுசெய்கிறேன்.

பின்னணி

சிறுவனுக்கு அப்போது எட்டு வயது, எடை 21 கிலோ. தென்மாவட்டத்தில் வாழையும் நெல்லும் பயிரிடும் குடும்பம். தாய், தன் தாய்மாமனையே மணந்தவர். மூன்று வயதில் ஒரு தங்கை. வீட்டில் சமையலும் மருந்தும் ஆச்சியின் பொறுப்பு.

சிறுவன் வயதுக்கு மீறி உயரமாகவும் ஒல்லியாகவும் இருந்தான். கைவிரல்கள் நீளம். நடக்கத் தொடங்கியதும் பேசத் தொடங்கியதும் தாமதம். படிப்பில் பின்தங்கியிருந்தான். புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் படிப்பதை வகுப்பாசிரியை கவனித்து, கண்ணைக் காட்டச் சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியை சொல்லியிராவிட்டால் இந்த நிகழ்வு வேறு மாதிரி, இன்னும் மோசமாகத் தொடங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கண்ணில் தொடங்கிய சந்தேகம்

கண் மருத்துவர் பார்த்தபோது இரு கண்களிலும் விழிவில்லை இடம் விலகி, கீழ்நோக்கியும் மூக்குப் பக்கமாகவும் சரிந்திருந்தது. உயரமும் நீண்ட விரல்களும் விலகிய வில்லையும் சேர்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது இணைப்புத் திசுவைப் பாதிக்கும் பரம்பரை நோயான மார்ஃபான் நோய்த்தொகுப்பு. ஆனால் அதில் வில்லை பெரும்பாலும் மேல்நோக்கி விலகும். இங்கே கீழ்நோக்கி விலகியிருந்தது. வளர்ச்சித் தாமதமும் இருந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவைப் பார்க்கும்படி அவர் எழுதினார். மயக்க மருந்தில் நைட்ரஸ் ஆக்சைடு கூடாது என்றும் அதே தாளில் குறித்திருந்தார். அந்த வாயு வைட்டமின் பி12ஐச் செயலிழக்கச் செய்யும். ஹோமோசிஸ்டீன் ஏற்கெனவே ஏறியிருக்கும் குழந்தைக்கு அது ரத்தக்கட்டு வரை கொண்டுபோகலாம்.

முதல் அளவு லிட்டருக்கு 268 மைக்ரோமோல். நலமான ஒருவருக்கு இது 15க்குள் இருக்கும். ரத்தத்தை எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து, பிளாஸ்மாவை விரைவில் பிரிக்காவிட்டால் ரத்த அணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்து அளவைப் பொய்யாக உயர்த்தும். ஆகவே முறைப்படி மறுபடி எடுத்தோம். 261 வந்தது. மெத்தியோனின் 412. அதன் இயல்பான அளவு சுமார் 40க்குள்தான்.

மெத்தியோனின் எண்ணே நோயின் வகையைச் சொல்லிற்று. ஹோமோசிஸ்டீன் உயர்ந்து மெத்தியோனின் குறைந்திருந்தால் கோளாறு ஃபோலேட், பி12 ஆகிய வைட்டமின்களின் பாதையில் இருக்கும். இரண்டும் உயர்ந்திருந்தால், ஹோமோசிஸ்டீனை அடுத்த பொருளாக மாற்றும் சிஸ்டாத்தயோனின் பீட்டா சின்தேஸ் என்ற நொதியின் குறைபாடு. 1962இல் வட அயர்லாந்தில், அறிவுவளர்ச்சி குன்றியவர்களின் சிறுநீரைச் சோதித்தபோது முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அதே ஹோமோசிஸ்டினூரியா. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் நோய் வரும். நெருங்கிய உறவில் திருமணம் நடந்த குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. தங்கையின் ரத்தத்தையும் அந்த வாரமே பார்த்தோம். இயல்பாக இருந்தது.

பி6 சோதனையும் உணவுத் திட்டமும்

இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வைட்டமின் பி6 மட்டுமே போதும். குறைபட்ட நொதி அதன் துணையோடு ஓரளவு வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆறு வாரம், கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில், ஃபோலிக் அமிலத்தோடு கொடுத்துப் பார்த்தோம். 251க்குத்தான் இறங்கியது. பயன் இல்லை என்று பதிவுசெய்தோம்.

அடுத்தது உணவு. ஹோமோசிஸ்டீன் மெத்தியோனினிலிருந்து உண்டாகிறது. மெத்தியோனின் நாம் உண்ணும் புரதத்திலிருந்து வருகிறது. முட்டை, மீன், இறைச்சி, பால் எல்லாவற்றையும் நிறுத்தி, நாளுக்கு 250 மில்லிகிராம் மெத்தியோனினுக்குள் அடங்குமாறு திட்டம் எழுதினேன். வளர்ச்சிக்கு வேண்டிய மற்ற அமினோ அமிலங்களுக்கு மெத்தியோனின் இல்லாத புரத மாவு கொடுத்தோம். அதன் வாடையைக் குழந்தைகள் வெறுப்பார்கள், இவனும் வெறுத்தான்.

நம் சமையலறையில் இந்தத் திட்டம் எங்கே இடிக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சைவச் சாப்பாடு என்றால் பாதுகாப்பு என்று வீடுகளில் நம்புகிறார்கள். அப்படி இல்லை. எள்ளில் புரதமும் அதிகம், அந்தப் புரதத்தில் மெத்தியோனினும் அதிகம். ஓர் எள்ளுருண்டைகூட இவனுக்கு அதிகம். ஒரு கிராம் புரதம் என்று வைத்துப் பார்த்தால் துவரம்பருப்பைவிட அரிசியில்தான் மெத்தியோனின் கூடுதல். ஆனால் பருப்பில் மொத்தப் புரதம் மூன்று மடங்கு இருப்பதால் இரண்டையும் அளந்தே தர வேண்டும். ஜவ்வரிசி, கூவைக்கிழங்கு மாவு, மரவள்ளி, நெய், தேங்காயெண்ணெய், வெல்லம் ஆகியவை எங்களுக்குத் துணை. காலையில் ஜவ்வரிசிக் கஞ்சி, மதியம் அளந்த சோறும் காய்கறிக் கூட்டும், இரவில் மரவள்ளி அடை. பள்ளிச் சத்துணவில் முட்டை கொடுக்கக் கூடாது என்று தலைமையாசிரியருக்குக் கடிதமும் தந்தோம்.

மூன்று மாதத்தில் ஹோமோசிஸ்டீன் 148க்கும் மெத்தியோனின் 190க்கும் இறங்கின. ஆச்சி அளவுக் கரண்டியை இடுப்பில் செருகியபடி சமைத்த காலம் அது. அதற்கு மேல் இறங்கவில்லை. பி6க்கு இணங்காத நோயாளிகளில் 100க்குக் கீழே கொண்டுவருவது குறிக்கோள். உணவைக் கொண்டு மட்டும் அதை எட்ட முடியவில்லை.

பீட்டைன் ஏன்

தை மாதத்தில் பீட்டைன் தொடங்குவது என்று மருத்துவர் முடிவெடுத்தார்.

பீட்டைன் எளிய மூலக்கூறு. கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலத்தின் நைட்ரஜனில் மூன்று மெத்தில் தொகுதிகள் ஏறியிருக்கும். ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் நிரந்தரமாக இருப்பதால் தண்ணீரில் மிக எளிதாகக் கரையும், புரதங்களைச் சிதைக்காது. அதனால்தான் வறட்சியிலும் உப்பிலும் வாழும் பல தாவரங்கள் செல்லுக்குள் அதைச் சேர்த்துவைத்து நீரைப் பிடித்துக்கொள்கின்றன. அலையாத்திக் காடுகளின் கண்டல் மரங்களில் சில அப்படிச் செய்கின்றன, பசலைக்கீரையும் செய்கிறது, நெல் செய்வதில்லை. நம் சிறுநீரகத்தின் உட்பகுதியிலும் அதற்கு இதே வேலை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்க்கரைக் கிழங்கின் சாற்றிலிருந்து ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஷைப்லர் அதைப் பிரித்தெடுத்தார். அந்தக் கிழங்கின் லத்தீன் பெயரே பீட்டைனின் பெயராயிற்று.

எங்களுக்கு வேண்டியது அதன் இரண்டாவது வேலை. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உள்ள ஒரு நொதி, பீட்டைனிலிருந்து ஒரு மெத்தில் தொகுதியை எடுத்து ஹோமோசிஸ்டீனுக்குக் கொடுக்கிறது. ஹோமோசிஸ்டீன் மெத்தியோனினாகிறது, பீட்டைன் டைமெத்தில்கிளைசினாகிறது. உடல் இந்தப் பீட்டைனைக் கோலின் என்ற சத்திலிருந்து தானே செய்துகொள்ளும், உணவிலிருந்தும் பெறும். மருந்தாகக் கூடுதலாகக் கொடுத்தால் இந்தப் பாதை வேகம் பிடிக்கிறது. ஹோமோசிஸ்டினூரியாவுக்கான மருந்தாக அமெரிக்காவில் 1996இல் ஒப்புதல் கிடைத்தது.

தந்தை விவசாயி என்பதால் நான் அவருக்குச் சொன்னது இது: மகனின் உடம்பில் கீழ்மடை அடைபட்டிருக்கிறது. தண்ணீர் கீழ்வயலுக்குப் போக வழியில்லாமல் தேங்குகிறது. பீட்டைன் மடையைத் திறக்காது. தேங்கிய தண்ணீரை இறைத்து மேல்வயலுக்கே திருப்பும். அவர் உடனே கேட்டார்: "அப்படியானால் மேல்வயல் நிரம்பிவிடாதா, அம்மா?" அதற்காகத்தான் உணவில் கட்டுப்பாடு தொடர வேண்டும் என்றேன். அவருடைய கேள்வி சரியான கேள்வி. அதற்கு உரிய எடையை நாங்கள் கொடுக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

வேறு சில கேள்விகளும் அன்று வந்தன. பீட்ரூட் சாறு போதாதா என்றார் தாய். நூறு கிராம் பீட்ரூட்டில் நூறு முதல் முந்நூறு மில்லிகிராம் வரைதான் பீட்டைன்; இவனுக்கு எழுதிய அளவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 700 கிராம் முதல் இரண்டு கிலோ வரை கொடுக்க வேண்டியிருக்கும். செரிமானத்துக்கென்று கடையில் விற்கும் பீட்டைன் ஹைட்ரோகுளோரைடு மாத்திரை அமிலம் சேர்ந்தது, இதற்கு மாற்றாகாது. ஷாம்பு புட்டியில் 'பீட்டைன்' என்று எழுதியிருக்கிறதே என்று தந்தை காட்டினார். அது தேங்காயெண்ணெய்க் கொழுப்பிலிருந்து செய்யும் நுரைப்பொருள். பெயரில் மட்டும் உறவு.

ஒரு கிராம் கரண்டியால் காலையும் மாலையும் ஒவ்வொரு கரண்டி. பொடி ஈரத்தை இழுக்கும் என்பதால் மூடியை இறுக்கி வைக்கச் சொன்னோம். எப்படிக் கொடுப்பது என்று நான் எழுதிக்கொடுத்த தாளில், மருந்தோடு வந்த விளக்கத் தாளில் இருந்தபடியே, 'தண்ணீர், பழச்சாறு அல்லது பாலில் கலந்து' என்று எழுதினேன்.

முதல் நான்கு மாதங்கள்

பங்குனியில் ஹோமோசிஸ்டீன் 74. முதன்முறையாக 100க்குக் கீழே. அன்று எங்கள் அறையில் எல்லோர் முகத்திலும் மகிழ்ச்சி இருந்தது. ஒரு கண்ணில் அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது.

அன்று மெத்தியோனின் பார்க்கவில்லை. ஹோமோசிஸ்டீன் சோதனை எங்கள் ஆய்வகத்திலேயே நடக்கும். அமினோ அமிலச் சோதனைக்கு மாதிரியை வெளியூர் அனுப்ப வேண்டும், செலவும் அதிகம். முந்தைய அளவு 190தானே, அடுத்த முறை பார்க்கலாம் என்று மருத்துவரும் நானும் சேர்ந்து ஒத்திவைத்தோம். என்னுடைய உணவுக் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் 'உணவு முன்போலவே' என்று ஒரே வரி இருக்கிறது. அது நான் கேள்வி கேட்டு எழுதிய வரி அல்ல. எண்ணைப் பார்த்துவிட்டு எழுதிய வரி.

தலைவலி

ஆனி மாதத் தொடக்கத்தில், பீட்டைன் தொடங்கி ஐந்து மாதம் ஆகும் வேளையில், தாய் தொலைபேசியில் அழைத்தார். பத்து நாளாகக் காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறானாம். இரண்டு முறை வாந்தி. பள்ளியில் தூங்கிவிழுகிறான். உள்ளூர் மருத்துவர் கண்ணாடி மாற்றச் சொல்லியிருக்கிறார்.

காலைத் தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நோயில் முதல் அச்சம் மூளைச் சிரைகளில் ரத்தக்கட்டு. அன்று மாலையே வரவழைத்தோம். கண் நரம்புத் தட்டில் இலேசான வீக்கம் தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யில் சிரைகள் எல்லாம் திறந்திருந்தன, ரத்தக்கட்டு இல்லை. ஆனால் மூளையின் வெண்பொருளில் இருபக்கமும் பரவலான மாற்றமும் இலேசான வீக்கமும் இருந்தன. ஹோமோசிஸ்டீன் 88.

எண் நன்றாக இருக்கிறது, குழந்தை நன்றாக இல்லை. இந்த முரண்தான் மருத்துவரைப் பீட்டைன் பக்கம் திருப்பிற்று. 2002இல் வெளியான ஒரு நிகழ்வுப் பதிவு அவருக்கு நினைவு வந்தது. பி6க்கு இணங்காத, உணவுக் கட்டுப்பாட்டைப் பின்பற்றாத ஒரு குழந்தைக்குப் பீட்டைன் கொடுத்தபோது மெத்தியோனின் 3,000 வரை ஏறி, ரத்தக்கட்டு எதுவும் இல்லாமலே மூளையில் கடும் வீக்கம் வந்தது. பீட்டைன் உணவுக் கட்டுப்பாட்டுக்குத் துணைதான், மாற்று அன்று என்று அந்த மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். மருந்தின் விளக்கத் தாளிலும் மெத்தியோனினை 1,000க்குக் கீழே வைக்க வேண்டும் என்று இருக்கிறது. தொடங்கிய இரண்டு வாரம் முதல் ஆறு மாதத்துக்குள் வீக்கம் வரலாம் என்பதும் இருக்கிறது. பாலைப் பற்றிய வரியை நான் படியெடுத்தது அதே தாளிலிருந்துதான்.

எடுத்த முடிவு

மெத்தியோனின் முடிவு வர மூன்று நாள் ஆகும். காத்திருப்பதா, இப்போதே பீட்டைனை நிறுத்துவதா என்பது கேள்வி. நிறுத்தினால் ஹோமோசிஸ்டீன் ஏறும், ரத்தக்கட்டு அபாயம் கூடும். நிறுத்தாவிட்டால், சந்தேகம் உண்மையானால், வீக்கம் வளரும். வீக்கம் கண்முன் இருந்தது. ரத்தக்கட்டு இல்லை என்பது படத்தில் உறுதியாகியிருந்தது. அன்றிரவே நிறுத்தினார்கள். குழந்தையை உள்நோயாளியாக வைத்து, நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டு, உணவைக் கண்டிப்பான அளவுக்குக் கொண்டுவந்தோம்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. மெத்தியோனின் 1,240.

வீட்டில் நடந்தது

ஆச்சியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். குற்றம் கண்டுபிடிக்கும் பேச்சாக அது ஆகிவிடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு நாளும் எழுந்ததிலிருந்து படுப்பதுவரை நடப்பதை அவரையே சொல்லச் சொன்னேன்.

பீட்டைனை அவர் பாலில் கலந்து கொடுத்திருக்கிறார். "தாளில் பால் என்றும் போட்டிருந்தீர்களே, அம்மா. வெறும் தண்ணீரில் மருந்து கொடுக்க மனம் வரவில்லை" என்றார். காலை ஒரு டம்ளர், மாலை ஒரு டம்ளர். அதில் மட்டும் ஏறத்தாழ 240 மில்லிகிராம் மெத்தியோனின். நான் ஒரு நாளுக்கு அனுமதித்த அளவு முழுவதும் மருந்தோடு சேர்ந்தே உள்ளே போய்விட்டது.

பங்குனியில் 74 வந்ததும் தந்தை பள்ளிக்குப் போய், நோய் கட்டுக்குள் வந்துவிட்டது, மற்றப் பிள்ளைகளைப் போல முட்டை கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ஒரு முட்டைக்கு 190 மில்லிகிராம். மற்றப் பிள்ளைகள் உண்ணும்போது மகன் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தது அவரை மிகவும் வருத்தியிருக்கிறது. சித்திரையில் கோயில் கொடை. மூன்று நாள் கிடா விருந்து. அதற்குப் பிறகு அளவுக் கரண்டி இடுப்பிலிருந்து அலமாரிக்குப் போயிற்று.

இவ்வளவும் நடந்தும் ஹோமோசிஸ்டீன் 88ஐத் தாண்டவில்லை. உணவிலிருந்து வந்த மெத்தியோனின் ஹோமோசிஸ்டீனாகி, கீழே போக வழியின்றி, பீட்டைனின் தயவில் மறுபடி மெத்தியோனினாகவே திரும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரே எண் பீட்டைன் அழகுபடுத்தும் எண். குடும்பம் உணவை விட்டுவிட்டது என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. அது வேறிடத்தில் எழுதப்பட்டிருந்தது, நாங்கள் படிக்கவில்லை.

தொடர்ந்தவை

பீட்டைனை நிறுத்திய ஆறாம் நாள் தலைவலி நின்றது. பன்னிரண்டாம் நாள் மெத்தியோனின் 380. எதிர்பார்த்தபடி ஹோமோசிஸ்டீன் 165க்கு ஏறியது. இரண்டு மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் வீக்கம் இல்லை; வெண்பொருள் மாற்றம் பெருமளவு குறைந்திருந்தது. கண் நரம்புத் தட்டும் இயல்புக்குத் திரும்பியது.

பீட்டைனைத் திரும்பத் தொடங்குவதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஒருவர் வேண்டவே வேண்டாம் என்றார். ஆனால் 165இல் பல ஆண்டுகள் விட்டுவைப்பதும் சிறுவனின் ரத்தக்குழாய்களுக்கும் எலும்புக்கும் இரண்டாவது கண்ணுக்கும் தீங்கு. உணவு சீராகி மெத்தியோனின் இரண்டு முறை தொடர்ந்து 250க்குள் வந்தபின், பாதி அளவில், தண்ணீரில் மட்டும் கலந்து தொடங்கினோம். 600ஐத் தாண்டினால் அளவைக் குறைப்பது, 1,000ஐ நெருங்கினால் நிறுத்துவது என்று எல்லை வைத்துக்கொண்டோம். முதலாவது எல்லை எங்கள் பிரிவின் முடிவு, எச்சரிக்கைக்காக வைத்தது.

தந்தை சில நாள் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒருநாள், மேல்வயல் நிரம்பிவிடாதா என்று அன்றைக்கே கேட்டேனே என்றார். ஆம், கேட்டீர்கள், நாங்கள்தான் அளந்து பார்க்கவில்லை என்றேன்.

மாற்றிக்கொண்டவை

பீட்டைன் எடுக்கும் எவருக்கும் ஹோமோசிஸ்டீனோடு மெத்தியோனினையும் ஒரே மாதிரியில் பார்க்கிறோம். வெளியூருக்கு அனுப்பும் செலவுக்குத் தனி நிதி கேட்டுப் பெற்றோம். முதல் ஆறு மாதம் மாதந்தோறும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒன்று மட்டும் வந்தால் அதை முடிவாக ஏற்பதில்லை.

என் தாளிலிருந்து 'பால்' போய்விட்டது. மருந்து எந்தப் பானத்தில் கரையும் என்பது மருந்து தயாரிப்பவரின் கவலை. அந்தப் பானத்தை இந்தக் குழந்தை குடிக்கலாமா என்று பார்ப்பது என் வேலை. மற்றக் குழந்தைகளின் தாள்களையும் எடுத்துத் திருத்தினேன். இன்னும் இரண்டு வீடுகளில் பாலில்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் அறிகுறி எதுவும் இல்லை. ஒருவருக்கு மெத்தியோனின் 700ஐத் தாண்டியிருந்தது.

'எண் இறங்கிவிட்டது' என்ற சொல்லைக் குடும்பங்களிடம் தனியாகச் சொல்வதில்லை. மருந்து எவ்வளவு இறக்கியது, உணவு எவ்வளவு இறக்கியது என்று பிரித்துச் சொல்கிறோம். காலைத் தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டச் சொல்கிறோம். கொடையும் பொங்கலும் கல்யாணமும் வருமுன் அழைக்கச் சொல்கிறோம். அந்த நாட்களுக்கு என்று ஜவ்வரிசி வடகம், தேங்காய்ப்பால் பாயசம், வாழைக்காய் வறுவல் வைத்து ஒரு விருந்துப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறேன். தேங்காய்ப்பாலிலும் கொஞ்சம் புரதம் உண்டு, ஆகையால் அளவோடு. பள்ளியில் முட்டைக்குப் பதிலாக இவனுக்கு ஒரு வாழைப்பழம் தர சத்துணவு அமைப்பாளர் இசைந்திருக்கிறார்.

அண்மைய அளவு: ஹோமோசிஸ்டீன் 104, மெத்தியோனின் 340. முன்பு எட்டிய 74ஐவிட முதல் எண் கூடுதல்தான். இரண்டாவது கண்ணின் அறுவை சிகிச்சை ஐப்பசியில் முடிந்தது. கண்ணாடியோடு கரும்பலகையை எட்டிப் படிக்கிறான். ஆச்சி அளவுக் கரண்டியை மறுபடி இடுப்பில் செருகியிருக்கிறார். அடுத்த ரத்த மாதிரி தை இரண்டாம் வாரம், பொங்கல் கழிந்து.